மூன்றாம் அறையின் இருபத்து மூன்று டிகிரி

என் அக்காவின் கணவரை எல்லோரும் 'சிஸ்டம்' என்றுதான் கூப்பிடுவார்கள். அது பட்டப்பெயர் என்பது அவருக்கு இன்றுவரை உறைக்கவில்லை. பட்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

எதைப் பற்றிக் கேட்டாலும் "சிஸ்டம்ல ஏதோ ப்ராப்ளம்" என்று ஆரம்பிப்பார். மின்விசிறி சுற்றாவிட்டாலும் அதே பதில், குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் அதே பதில். பள்ளிப் படிப்பு முடித்துத் தண்ணீர் வடிகட்டும் கருவி விற்றார், அது ஓடவில்லை. பிறகு ஒரு ஜெராக்ஸ் கடையில் மூன்று வருடம் இருந்தார். இரண்டு விரலால் தட்டச்சு அடிப்பதை அங்கேதான் கற்றுக்கொண்டார். கணினி தெரிந்தவர்கள் திரையைப் பார்த்து எப்படிப் பெருமூச்சு விடுவார்கள் என்பதையும் அங்கேதான் கற்றுக்கொண்டார். இரண்டாவது வித்தையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அவரை நான் வேலை செய்யும் காளான் பண்ணைக்கு அழைத்துப்போனவனும் நானேதான். அந்தப் பாவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் அங்கே வேன் ஓட்டுகிறேன். ஒருநாள் அலுவலகப் பிரிண்டரில் காகிதம் சிக்கிக்கொண்டது. அக்கா வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவரைக் கூட்டிவந்து காட்டினேன். மூடியைத் திறந்தார், பெருமூச்சு விட்டார், கசங்கிய தாளை உருவி எடுத்தார். முதலாளியம்மாவுக்கு அறுபது வயது. காளானைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. கணினியைப் பற்றித் தெரிந்தது எதுவும் இல்லை. மறுவாரமே சிஸ்டம் பண்ணையில் சேர்ந்துவிட்டார். அலுவலக மூலையில் ஒரு மேசை, சுற்றும் நாற்காலி, 'அனுமதியின்றித் தொடாதே' என்று அவரே அச்சடித்து ஒட்டிக்கொண்ட ஒரு தாள்.

பண்ணையில் ஆறு அறைகள். உள்ளே கயிற்றில் வரிசையாகத் தொங்கும் பைகளிலிருந்து காளான் முளைத்து வெளியே வரும். சூடும் ஈரமும் காற்றும் சரியாக இருக்கவேண்டும். கொஞ்சம் பிசகினாலும் காம்பு நீண்டு, குடை சுருங்கி, பார்க்கவே சகிக்காது. இந்த ஆறு அறைக்கும் தினம் மூன்று வேளை போய் வெப்பநிலையும் ஈரப்பதமும் அளந்து கரும்பலகையில் எழுதுவது ஒரு அம்மாவின் வேலை. டிகிரி டிகிரி என்று சொல்லிக்கொண்டே வருவதால் அவருக்கு டிகிரியம்மா என்று பெயர். பத்து வருடமாக அந்த வேலைதான். கருவியைப் பார்க்கும் முன்பே, கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கிற காற்றை வைத்து எண்ணைச் சொல்லிவிடுவார். பெரும்பாலும் அரை டிகிரிகூடத் தப்பாது.

"டிகிரியம்மாவுக்கு டிகிரியே கிடையாது" என்பது சிஸ்டத்தின் நகைச்சுவை. வாரத்துக்கு இரண்டு முறை சொல்லி, அவரே சிரித்துக்கொள்வார்.

சேர்ந்து மூன்று மாதம் ஆனதும் அவருக்குத் தன்னைக் காட்டிக்கொள்ள ஒரு காரியம் தேவைப்பட்டது. முதலாளியம்மாவிடம் போய், "மேடம், இந்தக் காலத்துல போய் கரும்பலகையில எழுதிக்கிட்டு இருக்கீங்களே. ஒவ்வொரு ரூம்லயும் ஒரு குட்டி கம்ப்யூட்டர் வச்சிட்டா அதுவே அளந்து, வைஃபைல உங்க போனுக்கு அனுப்பிடும். நீங்க வெளியூர்ல இருந்தாலும் பாக்கலாம்" என்றார்.

சொன்னது தப்பில்லை. யோசனை நல்ல யோசனைதான். அதைச் சொன்ன வாய்தான் சரியில்லை.

ஆறு கணினிகள் பெட்டியில் வந்து இறங்கின. ஒவ்வொன்றும் சீட்டுக்கட்டு அளவுதான் இருக்கும். வெறும் பலகை; திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது. ஒரு ஓரத்தில் நகம் அளவுக்கு ஒரு மெமரி கார்டு செருக இடம். கூடவே ஒரு தாள். அதில் செய்முறை தெளிவாகப் போட்டிருந்தது: கார்டை லேப்டாப்பில் செருகு, புதிதாக ஒரு ஃபைல் திற, இந்த ஐந்து வரியை எழுது, வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் மட்டும் உன்னுடையதாக மாற்று, இங்கே கொடுத்திருக்கும் பெயரிலேயே சேமி, கார்டை எடுத்துப் பலகையில் போட்டு மின்சாரம் கொடு, இரண்டு நிமிடம் பொறு. அது தானாக வைஃபையில் சேர்ந்துகொள்ளும். கடைசியில், சந்தேகம் இருந்தால் அழைக்கவும் என்று ஒரு போன் எண்.

"மாமா, தாளைப் படிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"மாப்ள, இதெல்லாம் தெரியாதவங்களுக்குக் குடுக்கறது" என்று தாளை மடித்து இழுப்பறையில் போட்டார்.

திரை இல்லாத கணினியை அவரால் நம்ப முடியவில்லை. முதலில் அதற்கு ஒரு திரை வேண்டும் என்றார். அக்கா வீட்டு டிவியைச் சுவரிலிருந்து கழற்றினார். அக்கா தொடர் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதியில் படம் போனது. டிவியைப் போர்வையில் சுற்றி, நான் ஸ்கூட்டரில் அவர் பின்னால் உட்கார்ந்து, பிள்ளையை அணைப்பதுபோல் அதை அணைத்துக்கொண்டு பண்ணைக்குப் போனோம். சிக்னலில் நின்றவர்களெல்லாம் பார்த்தார்கள். போய்ச் சேர்ந்ததும்தான் தெரிந்தது, டிவி கேபிளின் முனை பெரியது, பலகையின் துளை சிறியது. இதை அளந்து பார்க்க ஒரு துண்டு நூல் போதும். அவர் பெருமூச்சு விட்டு, "இந்த டிவி பழைய மாடல்" என்றார். அதே போர்வை, அதே அணைப்பு, திரும்பி வந்தோம்.

பிறகு வேறு வழியில்லாமல் இழுப்பறையைத் திறந்து தாளை எடுத்தார். நான் இல்லாத நேரம் பார்த்து எடுத்தார் என்று நினைக்கிறேன். ஐந்து வரியையும் இரண்டு விரலால் அடித்து, ஃபைலைச் சேமித்து, முதல் கார்டை முதல் அறையில் போட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"பாத்தியா, ஆன் ஆயிடுச்சு."

சிவப்பு விளக்கு மின்சாரம் வருகிறது என்பதற்கு மட்டும்தான் அடையாளம். வைஃபை பெட்டியின் பட்டியலில் அலுவலக போன், கேமரா, முதலாளியம்மாவின் போன் எல்லாம் தெரிந்தன. புதிதாக எதுவும் வரவில்லை. மற்ற ஐந்து அறைகளில் வைத்த பலகைகளும் அப்படியே. இரண்டு நிமிடம் பொறுத்தார். இரண்டு நாள் பொறுத்தார். சுவர் தடிமன் என்றார். ஈரத்தில் அலை நனைந்துவிடுகிறது என்றார். டிகிரியம்மா தரையைத் துடைப்பதால்தான் என்றுகூட ஒருநாள் சொன்னார். வைஃபை பாஸ்வேர்டை மாற்றினார், கேமரா செத்தது. திரும்பவும் மாற்றினார், முதலாளியம்மாவின் போன் செத்தது. நான்கு முறை மாற்றினார். ஒரே ஒரு போன் செய்திருந்தால் முடிந்திருக்கும். ஆனால் போன் செய்தால் "எனக்கு வரல, எப்படிப் பண்றது?" என்று கேட்கவேண்டும். அந்த வாக்கியத்துக்கு அவர் வாயில் இடம் கிடையாது.

பத்தாவது நாள் முதலாளியம்மா, "என்ன தம்பி, வேலை எந்த மட்டுல இருக்கு?" என்று கேட்டார்.

"நாளைக்கு உங்க போன்ல வந்துடும் மேடம்."

மறுநாள் வந்துவிட்டது. முதலாளியம்மாவின் போனில் பலகை விற்ற கம்பெனியின் பக்கம், அதில் ஆறு கட்டம், ஒவ்வொன்றிலும் டிகிரியும் ஈரப்பதமும். காலை பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு என்று மூன்று வேளையும் எண்கள் மாறின. முதலாளியம்மா ஒரு வாரம் கரும்பலகையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். புள்ளி மாறாமல் ஒத்துப்போயிற்று. மாறாமல் எப்படி இருக்கும்? அந்தப் பக்கத்தில் கையாலும் எண் போட இடம் உண்டு; சிஸ்டம் கரும்பலகையைப் பார்த்துத்தானே தன் போனிலிருந்து அடித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு இது தெரிந்தது தற்செயலாக. வேனில் சரக்கு ஏற்றிவிட்டுக் கை கழுவப் போனேன். மாடிப்படியின் அடியில் உட்கார்ந்து, கையில் எழுதிவைத்திருந்த எண்களைப் பார்த்துப் போனில் அடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சட்டைக் கையை இறக்கிக்கொண்டார்.

"யார்கிட்டயும் சொல்லிடாத மாப்ள. ரெண்டு நாள்ல சரி பண்ணிடுவேன். அதுவரைக்கும் சும்மா ஒரு ஏற்பாடு."

நான் சொல்லவில்லை. அக்காவுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். இந்த மனுஷன் எவ்வளவு உயரம் ஏறுகிறார், எங்கே விழுகிறார் என்று பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. தினமும் சாப்பாட்டு வேளையில் அவர் எதிரே உட்கார்ந்து, அவர் அளப்பதைக் கேட்டு உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு வாரம் ஒத்துப்போனதும் முதலாளியம்மா டிகிரியம்மாவை அளக்கும் வேலையிலிருந்து எடுத்துப் பேக்கிங்குக்கு அனுப்பினார். "மெஷின் பாத்துக்குதே, நீங்க உக்காந்து வேலை பாருங்க" என்று நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் பேக்கிங்கில் உட்கார முடியாது. குளிர்ந்த காளானை நாள் முழுக்கக் கையால் பிரித்து டப்பாவில் அடுக்க வேண்டும். அந்த அம்மாவின் விரல் மூட்டுகள் இரண்டே வாரத்தில் வீங்கிவிட்டன. நான் சரக்கு எடுக்கப் போகும்போதெல்லாம் ரசீதில் கையெழுத்துப் போடப் பேனாவைப் பிடிக்கச் சிரமப்படுவார். நான் பேனாவைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

கரும்பலகை போனபிறகு சிஸ்டம் என்ன செய்தார்? அளக்கும் கருவியை எடுத்துக்கொண்டு தானே அறைகளுக்குப் போனார். மூன்று நாள் போனார். நான்காம் நாள் சட்டை ஈரமாகிறது, மூக்கடைக்கிறது என்று நிறுத்திக்கொண்டார். அதன்பிறகு எண்கள் அவர் தலையிலிருந்து வந்தன. முதல் அறைக்கு இருபத்து இரண்டு, இரண்டாவதுக்கு இருபத்து நான்கு, மூன்றாவதுக்கு இருபத்து மூன்று. சந்தேகம் வராமலிருக்க அவ்வப்போது புள்ளிக்குப் பின்னால் இருந்த எண்ணை மட்டும் மாற்றுவார். அவர் வாழ்க்கையில் ஒழுங்காக நேரம் தவறாமல் செய்த வேலை இது ஒன்றுதான்.

மூன்றாம் அறையில் அப்போது புதுப் பைகள், அறுநூறு. மொட்டு விடும் சமயம். நான்கு நாள் அறையைத் திறக்காமல் விடுவது வழக்கம். அளக்கிற ஆள் மட்டும்தான் போய்வருவார். அந்த நான்கு நாளில் முதல் நாளே, காற்றை வெளியே தள்ளும் மின்விசிறி நின்றுவிட்டது. டிகிரியம்மா இருந்திருந்தால் கதவுக்கு வெளியிலேயே சத்தம் வரவில்லை என்று கண்டுபிடித்திருப்பார். போனில் மட்டும் மூன்றாம் அறை இருபத்து மூன்று டிகிரியில் ஜம்மென்று இருந்தது.

ஐந்தாம் நாள் காலை ஒன்பதே முக்காலுக்கு முதலாளியம்மா அந்தக் கதவைத் திறந்தார். நான் எதிரே வேனில் கூடை ஏற்றிக்கொண்டிருந்தேன். அவர் மூக்குக்கண்ணாடி மேல் ஆவி படிந்ததை நான் பார்த்தேன். கழற்றித் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். பிறகு, "சிஸ்டம் தம்பியைக் கூப்பிடுங்க" என்று அமைதியான குரலில் சொன்னார்.

நானும் பின்னாலேயே போனேன். பைகளிலிருந்து காம்புகள் விரல்விரலாய் நீண்டு, நுனியில் பொட்டு அளவுக்கு மட்டும் குடை வைத்திருந்தன. நாற்றம் வேறு. முதலாளியம்மா ஒரு கையில் பழைய அளவுக்கருவியையும் மறுகையில் போனையும் வைத்திருந்தார். கருவியில் முப்பத்தொன்று.

"தம்பி, இதுல இருபத்து மூணுன்னு இருக்கு."

"சென்சார்ல ஏதோ ப்ராப்ளம் மேடம். பாத்துடறேன்."

"சரி. இந்த நம்பர் எப்படி வருதுன்னு கொஞ்சம் சொல்லுங்க. நான் தெரிஞ்சுக்கறேன்."

அவர் சொல்ல ஆரம்பித்தார். பலகை, சென்சார், வைஃபை, சர்வர், க்ளவுட் என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். முதலாளியம்மா குறுக்கே பேசவில்லை. நடுநடுவே "அப்புறம்?" என்று மட்டும் கேட்டார். சிஸ்டத்தின் நெற்றியில் வேர்வை ஓடியது. அறையின் சூடு என்று நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன், அவர் கை சட்டைப்பையில் இருந்த போனைத் தொட்டுத்தொட்டு மீண்டது. மணி பத்தாகிவிட்டது.

"ஒரு நிமிஷம் மேடம், வெளியே போய் ஒரு போன்..."

"இருங்க தம்பி. நல்லா சொல்லிட்டு வர்றீங்க."

பத்து மணி ஐந்து நிமிடம். பத்து மணி பத்து. முதலாளியம்மா தன் போனைத் திருப்பி அவர் முகத்துக்கு நேரே காட்டினார்.

"பத்து மணி நம்பர் இன்னும் வரலையே. ஆறு ரூமுக்கும் வரல."

சிஸ்டம் வாயைத் திறந்தார். பெருமூச்சு மட்டும் வந்தது.

முதலாளியம்மா திட்டவில்லை. "நீங்க வெளியே நில்லுங்க" என்றார். பேக்கிங்கிலிருந்து டிகிரியம்மாவை வரவழைத்து அளவுக்கருவியைக் கையில் கொடுத்தார். அந்த அம்மா மின்விசிறியை ஒரு பார்வை பார்த்தார், பைகளை ஒரு பார்வை பார்த்தார், சிவப்பு விளக்கு எரிந்த பலகையை ஒரு பார்வை பார்த்தார்.

"இதுகூட ஏதாவது தாள் வந்துச்சாம்மா?" என்றார்.

அலுவலக இழுப்பறையிலிருந்து தாளையும், மேசையிலிருந்து லேப்டாப்பையும் நான் எடுத்துவந்து கொடுத்தேன். அவர் கண்ணைச் சுருக்கி எழுத்துக்கூட்டிப் படித்தார், கடைசிவரை. பிறகு என் போனை வாங்கி அந்த எண்ணுக்கு அடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"வணக்கம்மா. எனக்கு இதைப் பத்தி ஒண்ணும் தெரியாது. மொதல்ல இருந்து சொல்லுங்க, நான் கேட்டுக் கேட்டுப் பண்றேன்."

மறுமுனையில் ஒரு பெண் குரல், கொட்டாவியை அடக்கிய குரல். "கார்டை எடுத்து லேப்டாப்ல போடுங்க. வைஃபை பேர் எழுதின ஃபைல் அதுல இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"இருக்கக் கூடாது. போர்டு அதைப் படிச்சிருந்தா கார்டுலேருந்து அதுவே அழிச்சிருக்கும். அப்படின்னா படிக்கவே இல்ல. ஃபைலோட முழுப் பேரைக் காட்டச் சொல்லி ஒரு டிக் இருக்கும் பாருங்க, மேல. அதைத் தட்டுங்க. இப்போ பேர் கடைசியில என்ன இருக்கு?"

டிகிரியம்மா திரையில் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். தாளில் இருந்த பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளியும் மூன்று எழுத்தும் கூடுதலாகத் தொங்கின. லேப்டாப் தானாக ஒட்டிவிட்ட வால். வெளியே தெரியாமல் மறைந்திருந்தது.

"அந்த மூணு எழுத்தையும் புள்ளியையும் அழிச்சிடுங்க. ஒரு நாளைக்குப் பத்துப் பேர் இதுக்குத்தான் கூப்பிடுறாங்க" என்றது குரல்.

நாற்பது நாள் கூத்து, மூன்று எழுத்து.

பாஸ்வேர்டையும் சரிபார்க்கச் சொன்னாள் அந்தப் பெண். எல்லோரும் வாசலைப் பார்த்தோம். சிஸ்டம் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். நான்கு முறை மாற்றியதில் கடைசி எது என்று அவருக்கே நினைவில்லை. ஒன்று சொன்னார், தப்பு. இன்னொன்று, அதுவும் தப்பு. மூன்றாவது சரி. டிகிரியம்மா அதை அடித்து, கார்டைப் பலகையில் செருகி, மின்சாரம் கொடுத்துவிட்டு, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வைஃபை பட்டியலில் புதிதாக ஒரு பெயர் முளைத்தது. அடுத்து, முதலாளியம்மாவின் போனில் மூன்றாம் அறைக்கு எதிரே முப்பது புள்ளி எட்டு என்று வந்தது. இத்தனை நாளில் அந்தப் போனுக்குப் பலகையே அனுப்பிய முதல் எண் அதுதான்.

அறுநூறு பைகளையும் எருக்குழிக்குக் கொண்டுபோக நான் நான்கு நடை அடித்தேன். பைகளைச் சுமந்து ஏற்றச் சொல்லி சிஸ்டத்தையும் அனுப்பியிருந்தார் முதலாளியம்மா. கடைசி நடையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஃபைல் பேரெல்லாம் சின்ன விஷயம் மாப்ள. கான்செப்ட் என்னோடதுதானே" என்றார். நான் கியரை மாற்றினேன். பதில் சொன்னால் வேனை நிறுத்த வேண்டியிருந்திருக்கும்.

சாயங்காலம் ரசீதில் கையெழுத்து வாங்கப் போனேன். டிகிரியம்மா பேனாவை வாங்காமல் என்னையே பார்த்தார்.

"நீங்க இதைப் பாத்தீங்கதானே? அவர் உக்காந்து நம்பர் போடுறதை."

"ம்."

"எப்போ?"

"ஒரு மாசம் இருக்கும்."

"அவருக்கு ஒண்ணும் தெரியாது, அது ஊருக்கே தெரியும். நீங்க தெரிஞ்சுக்கிட்டே தினமும் வந்து என்கிட்ட கையெழுத்து வாங்கிட்டுப் போயிருக்கீங்க."

வீங்கிய விரலால் கையெழுத்தைப் போட்டுத் தாளை என்னிடம் நீட்டினார். அன்றிலிருந்து என்னோடு வேலைப் பேச்சுக்கு மேல் அவர் பேசுவதில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

ஆறு பலகைகளும் இப்போது ஓடுகின்றன. ஆறையும் பார்த்துக்கொள்பவர் டிகிரியம்மாதான். மெஷின் இருந்தாலும் காலையில் ஒருமுறை அறை அறையாகப் போய்க் கதவைத் திறந்து, முகத்தை நீட்டி, ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் போனைப் பார்ப்பார்.

சிஸ்டத்தை யாரும் வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. டப்பாவில் தேதி ஒட்டும் வேலை கொடுத்தார் முதலாளியம்மா. பன்னிரண்டு நாள் ஒட்டினார். அதில் இரண்டு நாள் மாதத்தைத் தப்பாக ஒட்டினார். பதின்மூன்றாம் நாள், தன் தகுதிக்கு ஏற்ற இடம் இது இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். இப்போது ஒரு கணினிப் பயிற்சி நிலையத்தில் பாடம் நடத்துகிறார். ஆமாம், பாடம்தான். போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் இருந்தபோது மாடிவீட்டுக்காரர் வந்து, "எங்க வீட்டு வைஃபை ரெண்டு நாளா வரல, சார் கொஞ்சம் பாப்பாரா?" என்று கேட்டார்.

அக்கா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். "அண்ணே, உங்க நல்லதுக்குச் சொல்றேன். கனெக்‌ஷன் குடுத்தவங்களுக்கு ஒரு போன் பண்ணிடுங்க" என்றாள்.

அதற்குள் உள்ளே குளியலறைக் கதவு திறந்தது. தலை துவட்டியும் துவட்டாமலும், கையில் ஸ்க்ரூ டிரைவரோடு, மாமா படியேறிக்கொண்டிருந்தார்.